ஈஸ்டர் ரசத்தில் ஆவக்காய்

கிருபாவதி டீச்சர் கை கொடுக்கவில்லை. சித்தூர் மிஷன் காம்பவுண்டில் எண்பத்தொன்றாம் வருஷம் மழை பெய்ததா, யார் வீட்டில் கல்யாணம் நடந்தது என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் ஒரே மாதிரி இருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. மனஸ்தாபம் உள்ளவர்கள் முன்னால் வந்து கை கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று போதகர் அழைப்பார். அவர்களும் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையை நீட்டிக் குலுக்கிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே வரிசையில் மண்டியிடுவார்கள். திங்கட்கிழமை பால்காரரிடம் நிற்கும்போது பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இப்படி மாதாமாதம் கை கொடுத்தே ஒரு வேலிச் சண்டையைப் பதினைந்து வருஷம் வாடாமல் வைத்திருந்த குடும்பங்கள் காம்பவுண்டில் உண்டு.

அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை போதகர் ஏசுரத்தினம் இரண்டு பெயர்களைச் சொன்னார். சபைச் செயலாளர் தனராஜின் மனைவி ஞானசௌந்தரி முன் பெஞ்சிலிருந்து எழுந்து, மோதிரம் போட்ட கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றாள். கிருபாவதி வந்தாள். பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். பிடித்தபடியே நின்றாள்.

“கை குடும்மா,” என்றார் போதகர்.

“எனக்கும் இவங்களுக்கும் சண்டை இல்ல பாஸ்டரய்யா. இவங்க எம்மேல ஒரு வார்த்தை சொன்னாங்க. அந்த வார்த்தை கோயில் படிக்கட்டுலயே கெடக்குது. மொதல்ல அத்த எடுக்கச் சொல்லுங்க. கை எங்க ஓடிப்போவுது.”

சொல்லிவிட்டு நடு வழியாகவே வாசலுக்கு நடந்தாள். பக்கவாட்டுக் கதவு பக்கத்தில்தான் இருந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று பிற்பாடு வெகுநாள் பேசிக்கொண்டார்கள். பின்னாலேயே அவள் புருஷன் இயேசுதாசன், யாரிடமோ மன்னிப்புக் கேட்பவர் போலக் குனிந்தபடி, குடையோடு ஓடினார். பாகாலா ஜங்ஷனில் வேலை பார்க்கும் மனிதர். எந்த ரயிலும் எந்த ரயிலோடும் மோதிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவருடைய வாழ்க்கைத் தத்துவம்.

வார்த்தை என்ன என்று தெரிய, அந்த வருஷத்து ஈஸ்டருக்குப் போக வேண்டும்.

ஈஸ்டருக்குப் பாகாலா, கங்காதர நெல்லூர் என்று சுற்றுப்பட்ட சனமெல்லாம் சித்தூர்க் கோயிலுக்கு வந்து சேரும். மாதாந்திரத் திருவிருந்துக்குப் போதுமான சின்ன பாட்டில் ரசம் அன்றைக்குப் பற்றாது. அதற்கென்றே கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் ஒரு பெரிய பீங்கான் ஜாடி இருந்தது. வருஷத்தில் ஒருமுறைதான் அதற்கு வேலை. கறுப்புத் திராட்சையை வேகவைத்துப் பிழிந்து, வடிகட்டி, சர்க்கரையும் கிராம்பும் போட்டு, அந்த ஜாடியில் ஊற்றி வைப்பது பன்னிரண்டு வருஷமாகக் கிருபாவதியின் பொறுப்பு. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குத் தெலுங்கும் கணக்கும் நடத்துகிற டீச்சருக்கு, அந்தக் காம்பவுண்டில் பேர் சொல்லும்படி இருந்த ஒரே பதவி அதுதான். அது கிடைக்காதவர்கள், அந்த வேலை யாருக்கு வேண்டும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அந்த ஈஸ்டரன்று பாத்திரம் முதல் வரிசைக்கு வந்தது. ரிடையர்டு கம்பவுண்டர் பாலசுந்தரம் ஒரு வாய் பருகினார். புருவம் இரண்டும் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டன. அடுத்தவர் தும்மினார். அதற்கடுத்த அம்மாள் நாக்கால் மேலண்ணத்தைத் தடவி யோசித்தாள். திராட்சை ரசத்தின் மேல் சிவப்புச் சிவப்பாக எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்துகொண்டிருந்தன. கடுகு, பூண்டு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய்.

ஆந்திராவில் பிறந்த பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் இது ஆவக்காய் என்று சொல்லிவிடும். காம்பவுண்டுப் பிள்ளையாக இருந்தால் யார் வீட்டு ஆவக்காய் என்றும் சொல்லும். ஞானசௌந்தரி போடுகிற மாங்காய் ஊறுகாயில் வெந்தயம் ஒரு கை கூடுதல். அதோடு முழுக் கொண்டைக்கடலை ஊறிக் கிடக்கும். ஒவ்வொரு மே மாதமும் வீட்டுக்கு ஒரு பாட்டில் அனுப்புவாள். ஆக, அன்று மண்டியிட்டிருந்த அத்தனை நாக்குக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு நாக்கும் அசையவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சாவியிலிருந்து கல்யாண அறிக்கை வரை தனராஜ் கையில் இருக்கும்போது எந்த நாக்கு அசையும்?

மிச்ச ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது என்பதால் கடைசியில் போதகரே பருகித் தீர்த்தார். பருகிவிட்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். உயிர்த்தெழுதலை நினைத்து உருகுகிறார் என்று முன் வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் எதற்காக நின்றார் என்பது பிறகு வரும்.

ஆராதனை முடிந்து படியில் இறங்கும்போது, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே ஞானசௌந்தரி சொன்னாள்: “சுத்தம்னா இன்னான்னு தெரியாதவங்க கையில ஆண்டவரோட ரசத்தைக் குடுத்தா இப்பிடித்தான் ஆவும்.”

சட்டி பானை கழுவுகிற சுத்தத்தை அவள் சொல்லவில்லை. கிருபாவதியின் தாத்தா ஊருக்கு வெளியே எந்தத் தெருவிலிருந்து ஞானஸ்நானத்துக்கு வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை ஆண்டவர் அன்றைக்கே மறந்துவிட்டார். காம்பவுண்டு மறக்கவில்லை.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. இனி ரசத்தை வேலூரிலிருந்து வாங்கிக்கொள்வது என்று கமிட்டி தீர்மானித்தது. பள்ளிக்கூடத்தில் கிருபாவதி வகுப்புக்குள் நுழைந்தால், “ஆவக்காய டீச்சர் ஒச்சிந்தி” என்று பின் வரிசையில் தெலுங்கில் அறிவிப்பு எழும்பியது. மார்க்கெட்டில் காய் விற்கும் செல்லியம்மா, பாவம் ஒன்றும் அறியாதவள், “ஏம்மா ஆவக்காயம்மா, நல்ல மாங்கா வந்துகீது, எட்த்துக்க,” என்று கூப்பிட்டாள்.

மே மாதமும் வந்து போனது. அந்த வருஷம் மட்டும் செயலாளர் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கும் ஆவக்காய் பாட்டில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. மோர் சாதத்தை மட்டும் எல்லோரும் கொஞ்சம் துக்கமாகச் சாப்பிட்டார்கள்.

கை குலுக்கல் கெட்டுப்போன மறுவாரம், போதகர் வேலூரிலிருந்து ஜெபமணி அம்மாளை வரவழைத்தார். வெள்ளைப் புடவை, சின்ன உருவம், மெதுவான பேச்சு. சண்டைகளைத் தீர்த்து வைப்பதற்கென்றே பெங்களூரில் பயிற்சி எடுத்தவள், ஊர் ஊராகப் போய்ச் சபைப் பெண்களுக்குச் சொல்லித் தருகிறவள். இந்த அம்மாள் நல்ல வார்த்தையாக நாலு சொல்லிக் கிருபாவதியை இளக்கிவிடுவாள் என்பது போதகரின் கணக்கு.

சனிக்கிழமை மத்தியானம் ஞாயிறு பள்ளி அறையில் பெண்கள் ஐக்கிய சங்கம் கூடியது. ஜெபமணி நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னாள். போதகருடைய உயர்ந்த முதுகு வைத்த நாற்காலி வட்டத்தில் பொருந்தவில்லை.

“இத்த ஓரமா வெச்சிடலாங்களா ஐயா? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தா நல்லாருக்கும்,” என்றாள் ஜெபமணி.

போதகர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அது கிறீச்சிட்டது. போதகரைத் தவிர வேறு ஆண்களுக்கு அழைப்பில்லை. ஆனாலும் தனராஜ் வெளியே வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை அவ்வளவு நேரம் படிக்கிறவரைக் காம்பவுண்டு அதற்கு முன் பார்த்ததில்லை.

“சண்டை வந்தா நாம இன்னா கேப்போம்? யார் மேல தப்பு, இன்னா தண்டனை. இல்லாட்டி ரெண்டு பேரையும் கை குடுக்க வெச்சி அனுப்பிடுவோம்,” என்று ஆரம்பித்தாள் ஜெபமணி. போதகர் இருமினார். “நான் மூணு கேள்விதான் சொல்லப்போறேன். யாருக்கு வலிச்சிது? அந்த வலி தீர இன்னா வேணும்? அத்தச் செய்ய வேண்டியது யாரு? ஒரு பொருள் கையோட கையா சுத்தி வரும். அது யார் கையில கீதோ அவங்க மட்டும் பேசணும். மத்தவங்க வாயத் தொறக்கக் கூடாது.”

கடைசி விதியைக் கேட்டதும் சங்கத்தில் பாதிப் பேர், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தோமோ என்று யோசித்தார்கள்.

முதலில் பழகிப் பார்ப்பதற்கு ஜெபமணி ஒரு கற்பனைச் சண்டை கொடுத்தாள். ஒருத்தி வீட்டு ஆடு இன்னொருத்தி வீட்டு ரோஜாச் செடியை மேய்ந்துவிட்டது. ஆட்டுக்காரியாக ஞானசௌந்தரி. என்னமாய் நடித்தாள். இல்லாத ஆட்டுக்காக உண்மையாகவே மூக்கை உறிஞ்சினாள். செடிக்காரி, போகட்டும் அக்கா, ஆடுதானே என்று விட்டுக்கொடுத்தாள். போதகர் சந்தோஷமாகத் தலையாட்டினார். இவ்வளவு சுலபமா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

கிருபாவதி எழுந்தாள்.

“ஆடு வேணாங்க அம்மா. நம்மகிட்ட நெஜமாவே ஒண்ணு கீது.”

வெளியே வெஸ்ட்ரிப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் பீங்கான் ஜாடியின் மூடி. “ஜாடி கனமா கீது. மூடி போதும். இத்தயே சுத்தி வுடுவோம்,” என்றாள்.

“இன்னிக்கு வெறும் பயிற்சிதானேம்மா,” என்றார் போதகர்.

“மூடி உங்க கையில இல்லீங்களே பாஸ்டரய்யா.”

ஜெபமணி போதகரைப் பார்த்தாள். பிறகு கிருபாவதியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கிருபாவதி உட்கார்ந்து மூடியை மடியில் வைத்துக்கொண்டாள். “எம்பக்கம் இன்னா தப்புன்றத மொதல்ல சொல்லிடறேன். வருஷா வருஷம் அந்த ஜாடியில கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி, ஒரு நாள் முழுக்க வெயில்ல காய வைப்பேன். இந்தத் தடவ பெரிய வியாழன் சாயங்காலம்தான் செகரட்டரி கொணாந்து குடுத்தாரு. வெயில் போயிடுச்சி. வெஸ்ட்ரியில இருந்த ஜாடிதானேன்னு ஒரே ஒரு தரம் தண்ணி ஊத்தி அலசிட்டு ரசத்த ஊத்திட்டேன். கிராம்பு வாசத்துல வேற ஒண்ணும் தெரியல. மோந்து பாத்திருக்கணும். பாக்கல. அது எந்தப்பு. இப்ப ஜாடிக்குள்ள ஆவக்கா எப்பிடி வந்திச்சின்னு, தெரிஞ்சவங்க சொல்லட்டும்.”

மூடி இடப்பக்கம் நகர்ந்தது. முதல் அம்மாள், “எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா,” என்றாள். இரண்டாவது, “எனக்கு அன்னிக்கு ஜலதோஷம்,” என்றாள். மூன்றாவது அம்மாள் வாங்கின வேகத்திலேயே தள்ளிவிட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போல மூடி கைக்குக் கை தாவிக்கொண்டே வந்து போதகரிடம் நின்றது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள். காம்பவுண்டு வரலாற்றில் அது புதுசு. மனிதர் பிரசங்கத்துக்கு வாய் திறக்கும்போது வருகிற குரல் அன்றைக்கு வரவில்லை.

“ஒரு கொண்டைக்கடலை இருந்திச்சி,” என்றார்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார். “பாத்திரத்துல. கடைசி வாயில வந்திச்சி. ஜாடி அடியில ஒட்டிக்கினு இருந்திருக்கும். திருவிருந்து ரசமாச்சே, துப்ப முடியுமா? மென்னு முழுங்கிட்டேன்.”

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள். கிருபாவதி சிரிக்கவில்லை. ஜெபமணியிடம் அனுமதி கேட்பதுபோல் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். மூடி அவளிடம் வந்தது.

“அப்ப ரெண்டு மாசமா தெரிஞ்சிக்கினேதான் என்னக் கை குடுக்கச் சொன்னீங்க.”

மூடி போதகரிடம் திரும்பிப் போனது. “ஆமாம்மா,” என்றார். “தெரிஞ்சிதான்.”

அதன் பிறகு மூடிக்குக் கிராக்கி வந்துவிட்டது. ஒன்றும் தெரியாது என்றவள் அதைத் திரும்பக் கேட்டு வாங்கி, “எனக்கும் தெரியும். அந்த ஆவக்காயத் துன்னே வளந்த நாக்கு இது. பயந்துக்கினு இருந்துட்டேன்,” என்றாள். ஜலதோஷக்காரி, தனக்கு அன்று ஜலதோஷம் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். இப்படிச் சுற்றி, மூடி ஞானசௌந்தரியிடம் வந்து சேர்ந்தது.

ஆட்டுக்காரி வேஷத்தில் இருந்த சாமர்த்தியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தலையைக் குனிந்து மூடியின் விளிம்பை விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்தபோது முகம் கோபமாக இருந்தது. கோபம் கிருபாவதி மேல் இல்லை.

“கழுவித்தான் குடுத்தேன். சாம்பல் போட்டு, புளி போட்டு, தேய் தேய்னு தேய்ச்சி. கழுத்துச் சின்னது, கை உள்ள போவல. அஞ்சு வருஷமா ஊறுகாய்க்கு ஒரு பெரிய ஜாடி வாங்கிக் குடுங்கன்னு இவரக் கேட்டுக்கினு கீறேன். போன வருஷம் வெஸ்ட்ரியிலருந்து இத்தத் தூக்கிக்கினு வந்து வெச்சாரு. சும்மாத்தானே கெடக்குது, ஈஸ்டர் வரைக்கும் யார் கேக்கப்போறான்னாரு. அன்னிக்குக் கோயில்ல அந்த வாசம் வந்ததும் எனக்கு உசுரே போச்சி. யாராச்சும் என்னப் பாக்கறதுக்குள்ள வேற யாரையாவது பாக்க வெக்கணும்னு தோணிச்சி. வாயில வந்தத சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு எழுந்தாள். மூடியோடு வராந்தாவுக்குப் போனாள். விதிப்படி அது சரியா என்று ஜெபமணிக்கே தெரியவில்லை, ஆனால் தடுக்கவில்லை. வட்டத்தில் இருந்த எல்லோரும் கழுத்தை மட்டும் வெளியே அனுப்பினார்கள்.

ஞானசௌந்தரி பேப்பருக்கு மேல் மூடியை வைத்தாள்.

“இன்னாடி இது? வூட்ல பேசிக்கலாம்,” என்றார் தனராஜ்.

“வூட்ல நீங்க பேசுவீங்க, நான் கேப்பேன். இங்க இத்தப் பிடிச்சிக்கினு பேசுங்க.”

தனராஜ் சுற்றும் முற்றும் பார்த்தார். ஜன்னல் முழுக்க முகங்கள். “ஜாடி… நாந்தான் எடுத்துக்கினு போனேன். அதுக்கு இன்னா இப்போ,” என்றார்.

“அதுக்கு இன்னான்றதுதாங்க ஐயா ரெண்டாவது கேள்வி,” என்று உள்ளேயிருந்து ஜெபமணி பதில் சொன்னாள்.

மூடி மறுபடி கிருபாவதியின் கைக்கு வந்தது. போதகருக்கு அவசரம். எல்லோரும் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள், ஒரு ஜெபம் செய்து முடித்துவிடலாமே என்று வாயெடுத்தார். கிருபாவதி மூடியைத் தூக்கிக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“யாருக்கு வலிச்சிதுன்னு கேட்டீங்க. ஆவக்கா டீச்சர்னு புள்ளைங்க சொல்றது எனக்கு வலிக்கல. அதுங்க வேற எதுனா கெடைச்சா இத்த வுட்டுடும். சுத்தம்னு சொன்னாங்களே, அது எனக்கு மட்டும் வலிக்கல. எங்க நைனாவுக்கு, தாத்தாவுக்கு எல்லாம் சேத்து வலிச்சிது. அதனால எனக்கு மூணு வேணும். ஜாடி எங்க போச்சின்னு செகரட்டரி கோயில்ல சொல்லணும். சுத்தம்ன்ற வார்த்தைய அக்கா சொன்ன படியிலயே நின்னு எடுத்துக்கணும்.” இங்கே கொஞ்சம் நிறுத்தினாள். “மூணாவது, எங்க வூட்டுக்கு வந்து சாப்பிடணும்.”

முதல் இரண்டும் மானத்தோடு போகிற காரியம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம். மூன்றாவது அப்படியில்லை. இத்தனை வருஷத்தில் செயலாளர் வீட்டு ஆவக்காய் கிருபாவதி வீட்டுக்கு வந்திருக்கிறது. யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு கை சர்க்கரையோ, நாலு முறுக்கோ போட்டுக் கொடுப்பதுதான் காம்பவுண்டு வழக்கம். கிருபாவதி கொடுக்கப் போனால் மட்டும், “இன்னாத்துக்குச் சிரமம், காலியாவே குடு,” என்பாள் ஞானசௌந்தரி. அது ஏன் என்பதும், ஆவக்காய் வாசத்தைப் போலவே, எல்லோருக்கும் தெரியும்.

ஜெபமணி ஞானசௌந்தரியைக் கேட்டாள். முதல் இரண்டுக்கும் அவள் தலையாட்டினாள். மூன்றாவதற்கு, “யோசிக்கணும்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

“இழுத்துக்கினு வந்து உக்கார வெச்சா அதுவும் கை குடுக்கற மாதிரிதான்,” என்றாள் ஜெபமணி, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது. “அவங்களா வரணும்.”

“நான் இழுக்க மாட்டேங்க அம்மா. சமைச்சி வெப்பேன். வரலன்னா வரலன்றதும் எல்லாருக்கும் தெரியட்டும்,” என்றாள் கிருபாவதி.

அன்றிரவு இயேசுதாசன், “ரெண்டோட வுட்டிருக்கலாமே கிருபா,” என்றார். “மூணாவது கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?”

“ஜாஸ்தியா? நாளைக்குக் காலையில மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கியாங்க. நெஞ்செலும்பு இருக்கட்டும்.”

மறுநாள் ஆராதனையில் தனராஜ் வழக்கம்போல அறிவிப்புகள் வாசித்தார். பாடகர் குழு வியாழக்கிழமை கூடும். கூரை பழுது பார்க்கும் வேலை செவ்வாயன்று. அதே சுருதியில், தலையைத் தாழ்த்தி, “போன வருஷம் சபையின் ஜாடி, ம், வீட்டு உபயோகத்துக்காக, ம்ம்,” என்று வேகமாக முனகிவிட்டு அடுத்த அறிவிப்புக்கு ஓடினார்.

கிருபாவதி பின் பெஞ்சில் எழுந்து நின்றாள். “கேக்கலீங்க. கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க.”

கோயிலில் ஆராதனை நடுவே பெண் குரல் எழும்புவது பாட்டுக்கு மட்டும்தான். தனராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். போதகர் உதவுவார் என்று பார்த்தார். போதகர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது முன் பெஞ்சில் அவருடைய மனைவியே எழுந்தாள்.

“எனக்கும் கேக்கல,” என்றாள் ஞானசௌந்தரி.

பிறகு கம்பவுண்டர் பாலசுந்தரத்துக்கும் கேட்கவில்லை. பாகாலா ஆட்களுக்கும் கேட்கவில்லை. தனராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “சபை ஜாடிய எங்க வூட்ல ஊறுகா போட எடுத்துக்கினு போனது நாந்தான். தப்பு டீச்சரோடது இல்ல. என்னோடது,” என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். இம்முறை ரோட்டில் போகிற ரிக்‌ஷாக்காரருக்கே கேட்டிருக்கும்.

ஆராதனை முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. செருப்புத் தேடுகிற பாவனையில் படியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. ஞானசௌந்தரி இறங்கி வந்து, ஈஸ்டரன்று நின்ற அதே படியில் நின்றாள்.

“அன்னிக்கு இங்க நின்னு சுத்தம் தெரியாதவங்கன்னு சொன்னேன். கிருபாவோட தாத்தாவயும் மனசுல வெச்சித்தான் சொன்னேன். ஜாடிய அழுக்காக்கினது என் வூடு. அந்த வார்த்த கிருபாவுக்குச் சேந்தது இல்ல. எடுத்துக்கறேன்.”

மனசில் வைத்ததையும் சேர்த்துச் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கிருபாவதிகூட எதிர்பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தவர்கள் சொன்னது. ஆனாலும் அவள் உருகிவிடவில்லை. “சாப்பாடு ஒரு மணிக்கு அக்கா,” என்றாள், நடந்துவிட்டாள்.

சாப்பாட்டு மேஜையை அவள் வீட்டுக்குள் போடவில்லை. நாலு பக்கத்து ஜன்னலிலிருந்தும் தெரிகிற மாதிரி முன் வாசலில் வேப்பமரத்தடியில் போட்டாள். நாலு தட்டு வைத்தாள். இயேசுதாசன் வாசல் கேட்டுக்கும் அடுப்படிக்குமாக, லேட் வண்டிக்குக் காத்திருப்பவர் போல நடந்துகொண்டிருந்தார். ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. எதிர் வீட்டு ஜன்னல்களில் திரைகள் காற்றில்லாமல் ஆடின.

“உள்ள எடுத்து வெச்சிடலாமா?” என்றார் இயேசுதாசன் மெதுவாக.

“குழம்பு ஆறட்டும். மேஜை இங்கதான் இருக்கும். சாயங்காலம் வரைக்கும்.”

இரண்டு மணி சுமாருக்கு ஞானசௌந்தரி வந்தாள். ஈஸ்டருக்குக் கட்டுகிற பட்டுப்புடவை. கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஆவக்காய். பின்னால் தனராஜ், பஞ்சாயத்துக்கு இழுத்து வரப்பட்டவர் போல. பாட்டிலைப் பார்த்ததும் கிருபாவதியின் கண் அதன் மேல் நின்றது.

“எந்த ஜாடியில போட்டது?”

“புது ஜாடி. போன மாசம் நானே போய் வாங்கியாந்தேன்,” என்றாள் ஞானசௌந்தரி. புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உட்கார்ந்தார்கள். கிருபாவதி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், நெஞ்செலும்பாகப் பார்த்து வைத்தாள். ஞானசௌந்தரி சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். காம்பவுண்டில் அந்த நிமிஷம் ஒரு குழந்தைகூட அழவில்லை. பிறகு ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

“உப்பு கம்மி,” என்றாள்.

இயேசுதாசன் சொம்பை எடுத்து, ஏற்கனவே நிறைந்திருந்த தம்ளரில் இன்னும் தண்ணீர் ஊற்றினார். தனராஜ் கண்ணை மூடிக்கொண்டார். கிருபாவதி ஞானசௌந்தரியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். விருந்தாளி சொல்கிற பேச்சில்லை அது. தன் வீட்டு மனுஷிகளிடம் மட்டும் சொல்கிற குறை.

“ஒங்க ஆவக்காதான் கீதே. தொட்டுக்குங்க,” என்றாள்.

ஞானசௌந்தரி பாட்டிலைத் திறந்து தொட்டுக்கொண்டாள். கிருபாவதிக்கும் ஒரு கரண்டி போட்டாள். அப்புறம் குழம்பு இரண்டாவது தடவை கேட்டாள். கிளம்பும்போது கிருபாவதி ஒரு தூக்கு நிறையக் குழம்பை அவள் கையில் கொடுத்து, “தூக்கு எங்களுது. நாளைக்குத் திரும்பணும்,” என்றாள்.

“காலியா திருப்ப மாட்டேன்,” என்றாள் ஞானசௌந்தரி. அந்தத் தூக்கைப் புடவைக்குள் மறைக்காமல், எல்லோரும் பார்க்கக் காம்பவுண்டு நடுவே வீசிக்கொண்டு நடந்தாள். தனராஜ் நாலடி தள்ளிப் பின்னால் போனார்.

இரண்டு பேரும் கடைசி வரை கை கொடுத்துக்கொள்ளவில்லை. போதகரும் கேட்கவில்லை.

கிருபாவதி மேஜையைத் துடைக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று எதிர் வீட்டு ஜன்னல்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தாள்.

“குழம்பு இன்னும் கீது,” என்றாள், எல்லா ஜன்னலுக்கும் எட்டுகிற டீச்சர் குரலில். “எங்க வூட்ல இதுவரைக்கும் துன்னாதவங்க யார் யாருன்னு எனக்குத் தெரியும். வர்றவங்க தட்டு எடுத்துக்கினு வாங்க.”

திரைகள் சட்டென்று அசைவதை நிறுத்தின. ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. பிறகு கம்பவுண்டர் பாலசுந்தரம் வீட்டுக் கதவு திறந்தது. மனிதர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, எவர்சில்வர் தட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி வெளியே வந்தார். நாலு எட்டு வைத்ததும் நின்றார். சுற்றிலும் பார்த்தார். தட்டை முன்னால் எடுத்துப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தை நோக்கி நடந்தார்.